சொல்லி அழ ஒரு வீடு

மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் சாலையில் வந்து, உள்ளே திரும்பும் ஏதாவது ஒரு தெருவில் வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு நடந்து பாருங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள். ஆண்கள் கிண்டிக்கோ ஒரகடத்துக்கோ கிளம்பியிருப்பார்கள். தெருவே அடங்கிக் கிடக்கும் அந்த நேரத்தில் ஒரு வீட்டு கேட்டுக்கு வெளியே மட்டும் பன்னிரண்டு, பதினைந்து ஜோடிச் செருப்புகள் கிடக்கும். எல்லாம் பெண்களின் செருப்புகள். உள்ளே உபவாச ஜெபம்.

அப்படி ஒரு வீட்டுக்குச் சில மாதங்களாகப் போய்வருகிறேன். யாருடைய பெயரையும் எழுத மாட்டேன், ஆளை அடையாளம் காட்டும் எதையும் எழுத மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் உட்கார இடம் கொடுத்தார்கள். ஹாலில் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாய் விரித்திருப்பார்கள். முட்டிவலிக்காரர்களுக்கு நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. வீட்டுக்கார அக்காவுக்கு அறுபது தாண்டிவிட்டது. பூர்வீகம் தெற்கே. ராத்திரி ரயிலில் ஏறி விடியற்காலை தாம்பரத்தில் இறங்கி, வாடகைக்குப் பயந்து பட்டணத்துக்குள் போகாமல் இந்தப் பக்கமே மனை வாங்கிக் குடியேறிய எத்தனையோ நெல்லை, தூத்துக்குடி, குமரிக் குடும்பங்களில் அதுவும் ஒன்று.

அக்காவின் மடியில் ஒரு வேதாகமம் இருக்கும். அது மூடாது. தாள் ஒவ்வொன்றும் பொரித்த அப்பளம்போல் நெளிந்து, புத்தகம் இரண்டு பங்கு தடித்துவிட்டது. அகலமான ரப்பர் பேண்டு போட்டுத்தான் கட்டி வைக்கிறார். கழற்றியதும் தானே விரிந்துகொள்ளும். பெரும்பாலும் சங்கீதத்தில்தான் விரியும்.

2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரி அது தண்ணீரில் கிடந்தது. மறுநாள் காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். ஊர் முழுக்கச் செம்பரம்பாக்கத்தைப் பற்றியே பேசியது. முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது அந்தத் தண்ணீர் இல்லை. செம்பரம்பாக்கத்தின் உபரி அடையாற்றில் சேர்வது இதற்குக் கீழே, திருநீர்மலைப் பக்கம். இங்கே வந்தது ஆதனூர்ப் பக்கமிருந்து இறங்கும் அடையாற்று வெள்ளமும், சுற்றியிருக்கும் ஏரிகளின் உபரியும். படகில் வந்துதான் ஜனங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். அக்காவும் கணவரும் மொட்டை மாடியில் ஒரு பகலும் ஓர் இரவும் இருந்திருக்கிறார்கள். அவர்களோடு பக்கத்து வீட்டு ஐயங்கார் மாமியும், பின்தெரு பாய் குடும்பமும். தண்ணீர் வடிந்து இறங்கியபோது முதலில் எடுத்தது இந்த வேதாகமத்தை. சேறு கழுவி, மாடியில் கொடி கட்டி, பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்து ஒரு வாரம் உலர்த்தினாராம்.

“புதுசு வாங்கலாமேன்னு எல்லாரும் சொல்றாங்க. இது என்கூட முங்கி எந்திரிச்சதுல்லா?” என்கிறார் அக்கா. இத்தனை வருஷம் கழித்தும் அவர் பேச்சில் தாமிரபரணி வற்றவில்லை.

அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் இந்த வெள்ளிக்கிழமைக் கூட்டம் ஆரம்பித்தது. முதலில் வீடு போனவர்கள், கடன் வாங்கி வீடு கட்டியவர்கள், பயத்தில் தூக்கம் போனவர்கள் வந்தார்கள். தண்ணீர் வடிந்துவிட்டது, ஆட்கள் வருவது மட்டும் நிற்கவில்லை. வீட்டுக்குள் வேறு வெள்ளங்கள் இருந்தன.

நாற்பது பக்க நோட்டு

இந்தக் கூட்டத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. பள்ளிப் பிள்ளைகளின் கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. ஜெப விண்ணப்பங்களை அதில் எழுதுவார்கள். இடப் பக்கம் விண்ணப்பம், வலப் பக்கம் காலியாக இருக்கும். ஜெபம் கேட்கப்பட்டால் வலப் பக்கத்தில் தேதி போட்டு ‘ஸ்தோத்திரம்’ என்று எழுதுவார்கள். அக்காவின் அனுமதியோடு புரட்டிப் பார்த்தேன். ‘மகன் வேலை.’ ‘வீட்டுக் கடன்.’ ‘தைராய்டு ரிப்போர்ட்.’ ‘குழந்தை பாக்கியம்.’ ‘மருமகள் மனம் மாற.’ ‘குடும்ப சமாதானம்.’ ‘குடும்ப சமாதானம்.’ ‘குடும்ப சமாதானம்.’

அந்தக் கடைசி வார்த்தையில்தான் இந்தக் கட்டுரையே இருக்கிறது.

கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பாஷை தெரியும். யாரும் எதையும் நேராகச் சொல்வதில்லை. ‘சரீர பலவீனம்’ என்றால் வியாதி. ‘அவருக்கு ஒரு பலவீனம் இருக்கு’ என்றால் குடி. ‘வீட்ல போராட்டம்’ என்றால் பணமில்லை. ‘பாரமா இருக்கு சிஸ்டர்’ என்றால் சொல்ல முடியாத ஏதோ ஒன்று. ‘குடும்ப சமாதானத்துக்காக ஜெபிச்சுக்கோங்க’ என்பது எல்லாவற்றையும் மூடும் போர்வை. அதற்குள் மாமியார் சண்டை இருக்கலாம், கணவனுக்கு வேறொரு தொடர்பு இருக்கலாம், அடி இருக்கலாம், தூக்குக் கயிறும்கூட இருக்கலாம்.

என் அம்மாவும் அப்படித்தான் சொல்வாள். ஞாயிறு ஆராதனை முடிந்து போதகரின் மனைவி ஐயரம்மா கையைப் பிடித்து “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால், “கர்த்தர் கிருபையில் நல்லாயிருக்கோம்” என்பாள். அதற்கு முந்தின ராத்திரி வீட்டில் நடந்தது எனக்குத் தெரியும். அம்மாவுடைய அந்தச் சிரிப்பை நான் பல வருஷம் பொய் என்று நினைத்தேன். அவளிடம் இரண்டாவது கேள்வியை யாரும் கேட்டதில்லை என்பது பிற்பாடுதான் புரிந்தது.

முடிச்சூர் அக்கா இரண்டாவது கேள்வியைக் கேட்கிறவர். ஆனால் ஹாலில் கேட்க மாட்டார். பகல் ஒரு மணிக்கு ஜெபம் முடிந்ததும் டீயும் ரஸ்க்கும் வரும். டீ போட அக்கா எழுந்திருக்கும்போது யாராவது ஒரு பெண்ணைப் பார்த்து, “நீ கொஞ்சம் வாயேன், டம்ளர் எடுத்துக் கொடு” என்பார். டம்ளர் எடுத்துக் கொடுக்கக் கூப்பிடப்படுகிற பெண் யாரென்று பார்த்தால், அன்றைக்கு ‘குடும்ப சமாதானம்’ என்று எழுதியவளாக இருப்பாள். சில நாள் டீ பத்து நிமிஷத்தில் வந்துவிடும். சில நாள் முக்கால் மணி நேரம் ஆகும். ஹாலில் இருப்பவர்கள் யாரும் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். யாராவது ஒருத்தி கீர்த்தனை எடுத்துவிடுவாள். உள்ளே பேசுவது வெளியே கேட்காமல் இருக்கத்தான் அந்தப் பாட்டு.

அந்தச் சமையலறையில் என்ன நடந்தது என்று அங்கே போய்வந்த ஒரு பெண் என்னிடம் சொன்னார். தையல் வேலை செய்கிறவர். கணவர் குடிப்பார். சம்பள நாளன்று வீட்டுக்கு வர மாட்டார். மகளிர் குழுக் கடனையும் எடுத்துக் குடித்துவிட்டார். பதினோரு வருஷமாகத் தன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. “அக்கா ஒண்ணுமே கேக்கல. பால் பொங்குறதையே பாத்துட்டு நின்னாங்க. எனக்கா அழுகை வந்துச்சு. எல்லாத்தையும் சொல்லிட்டேன். சொல்லி முடிச்சதும் அக்கா என்ன சொன்னாங்க தெரியுமா? ‘சாப்பிட்டியா?’ன்னாங்க. உபவாசம்னு வந்தேன், எனக்கு ஊட்டி விட்டாங்க.”

அந்த வாரம் அதிசயம் எதுவும் நடக்கவில்லை. அக்காவின் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த மனிதரைப் பார்க்கப் போனார். பிரசங்கம் பண்ணவில்லை. ரயில்வேயில் தன்னோடு வேலை பார்த்து, குடியை விட்டுப் பல வருஷமான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த நண்பர் தையல்காரப் பெண்ணின் கணவரை ஏ.ஏ. என்ற குடிநோயாளிகளின் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். அவர் மூன்று முறை விட்டுவிட்டு மறுபடி குடித்தார். நான்காவது முறைக்குப் பிறகு இன்றைக்கு ஒன்றே கால் வருஷம். நோட்டில் அந்தப் பெண்ணின் விண்ணப்பத்துக்கு எதிரே வலப் பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. “இன்னும் எழுதல. பயமா இருக்கு. எழுதாமலே ஸ்தோத்திரம் சொல்லிக்கிறேன்” என்கிறார்.

தன் தவறை இன்னொரு மனிதனிடம்

ஆல்கஹாலிக்ஸ் அநானிமஸ் என்ற அந்த ஏ.ஏ.வுக்கும் ஜெபக் கூட்டத்துக்கும் ஒரே வேர்தான் என்பதை அந்தக் குடும்பம் அறிந்திருக்கவில்லை. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குச்சந்தைத் தரகரும், டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் சந்தித்துக்கொண்டார்கள். இருவருமே குடிநோயாளிகள். இருவருமே ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் வீட்டுக் கூட்டங்களுக்குப் போய்வந்தவர்கள். ஃபிராங்க் புக்மன் என்ற லுத்தரன் போதகர் ஆரம்பித்த இயக்கம் அது. நாலு பேர் ஒரு வீட்டில் கூடி உட்கார்ந்து, தங்கள் பாவங்களை ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்வது அவர்கள் வழக்கம். அங்கிருந்துதான் ஏ.ஏ.வின் பன்னிரண்டு படிகள் வந்தன. ஐந்தாவது படி, தான் செய்த தவறுகளைக் கடவுளிடமும் தன்னிடமும் இன்னொரு மனிதனிடமும் ஒளிக்காமல் ஒப்புக்கொள்வது.

‘இன்னொரு மனிதனிடமும்’ என்பதைக் கவனியுங்கள். கடவுளிடம் மட்டும் சொன்னால் போதாதா என்று கேட்கலாம். போதும் என்றால் வேதத்திலேயே யாக்கோபு தன் நிருபத்தில் ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. கத்தோலிக்கர்களின் ஒப்புரவு அருளடையாளமும் இதைத்தான் செய்கிறது. கேட்ட குருவானவர் உயிரே போனாலும் வெளியே சொல்லக் கூடாது என்பது திருச்சபையின் சட்டம். சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் மருந்து.

2003-லிருந்து சில்லறை மது விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில் இருக்கும் மாநிலம் இது. அரசாங்கமே கடை நடத்தும் ஊரில் குடியை விட நினைக்கிறவனுக்கு ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்கிற இடங்கள் மிகக் கொஞ்சம். சென்னையில் அந்த நாற்காலி பெரும்பாலும் ஏதாவது ஆலய வளாகத்திலோ பள்ளிக்கூட அறையிலோ கிடக்கிறது. கிறிஸ்தவர்கள் மட்டும் வருகிற இடமும் இல்லை அது. அவரவர் அறிந்தபடியான கடவுள் என்றுதான் பன்னிரண்டு படிகளிலேயே இருக்கிறது.

ஏலி செய்த தப்பு

பிள்ளையில்லாத பெண்கள் வரும் வெள்ளிக்கிழமைகளில் அக்கா தவறாமல் எடுப்பது அன்னாளின் கதையை. சாமுவேல் முதலாம் புத்தகத்தின் முதல் அதிகாரம். எல்க்கானாவுக்கு இரண்டு மனைவிகள். பெனின்னாளுக்குப் பிள்ளைகள் உண்டு, அன்னாளுக்கு இல்லை. வருஷா வருஷம் கோயிலுக்குப் போகிற இடத்தில் பெனின்னாள் இவளைக் குத்திக் காட்டுவாள். இவள் சாப்பிடாமல் அழுவாள். நான் உனக்குப் பத்துப் பிள்ளைகளுக்குச் சமமில்லையா என்று புருஷன் கேட்கிறான். அன்பாகத்தான் கேட்கிறான், ஆனால் அவள் பதில் சொன்னதாக வேதத்தில் இல்லை. எழுந்து கோயிலுக்குப் போகிறாள். உதடு மட்டும் அசைய, சத்தமில்லாமல் ஜெபிக்கிறாள். ஆசாரியன் ஏலி அதைப் பார்த்து, குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்து அதட்டுகிறான்.

அக்கா இந்த இடத்தில் நிறுத்துவார். “அவ கடவுள்கிட்ட வந்து அழுறா. கடவுளோட ஆளு அவளைக் குடிகாரிங்கறான். இது இன்னைக்கும் நடக்கா இல்லையா?” என்று கேட்பார். ஒருத்தரும் பேச மாட்டார்கள். தலைகள் மட்டும் ஆடும்.

அன்னாள் திருப்பிப் பேசினாள் என்பதுதான் அக்காவுக்கு முக்கியம். நான் குடிக்கவில்லை, என் மனதைக் கொட்டிக்கொண்டிருக்கிறேன் என்று ஆசாரியனுக்கே பதில் சொன்னாள். ஏலி தன் தப்பை உணர்ந்து, சமாதானத்தோடு போ என்றான். அதன் பிறகு அவள் சாப்பிட்டாள், முகம் தெளிந்தது என்கிறது வேதம். சாமுவேல் பிறந்தது பிற்பாடு. முகம் தெளிந்தபோது அவள் வயிற்றில் பிள்ளை இல்லை. அந்த வசனத்தை அக்கா விரலால் தொட்டுக் காட்டுவார். நெளிந்த தாளில் அந்த இடம் மட்டும் விரல் பட்டுப் பட்டு மழுங்கியிருக்கிறது.

டீ கொடுத்தவர்கள்

அக்காவின் சமையலறை வைத்தியத்தை லண்டனில் ஒரு போதகர் எழுபது வருஷத்துக்கு முன்பே கண்டுகொண்டார். சாட் வாரா என்பது பெயர். 1935-ல் அவர் இளம் உதவிக் குருவாக இருந்தபோது பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியை அடக்கம் பண்ண நேர்ந்தது. வயதுக்கு வந்ததை ஏதோ அசிங்கமான வியாதி என்று பயந்து, கேட்க ஓர் ஆள் இல்லாமல் அவள் தற்கொலை செய்துகொண்டாள். அந்தக் கல்லறை அவர் மனதை விட்டுப் போகவில்லை. 1953 நவம்பர் 2-ம் தேதி லண்டன் நகரின் நடுவே தன் ஆலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு, சாக நினைக்கிறவர்கள் கூப்பிடலாம் என்று அறிவித்தார். கூப்பிட்டார்கள். நேரிலும் வந்தார்கள். வரிசை நீண்டது. காத்திருப்பவர்களுக்கு டீ கொடுத்துப் பேச்சுத் துணையாக இருக்க, ஆலயத்தைச் சேர்ந்த சாதாரண ஜனங்கள் சிலர் முன்வந்தார்கள்.

கொஞ்ச நாளில் வாரா ஒன்றைக் கவனித்தார். டீ குடித்துக்கொண்டு அவர்களிடம் பேசிய பலர், போதகரைப் பார்க்காமலே மனம் லேசாகி வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர் யோசித்துவிட்டு, கேட்கும் வேலையை அந்தத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். சமாரிட்டன்ஸ் என்ற அமைப்பு அப்படிப் பிறந்தது. போதகர் ஒருவர் ஆரம்பித்த அந்த அமைப்பில் தொண்டர்களுக்குச் சொல்லப்பட்ட விதி, பிரசங்கம் பண்ணாதே, மதத்தைப் பேசாதே, கேள்.

அதே வழியில்தான் 1986-ல் சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் ‘சிநேகா’வை ஆரம்பித்தார். 044-24640050 என்ற எண்ணை எத்தனையோ பேர் நடுங்கும் விரலால் அழுத்தியிருக்கிறார்கள். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ 14416 என்ற எண்ணில் 2022-லிருந்து கிடைக்கிறது. இந்த இரண்டு எண்களையும் அக்கா தன் ஜெப நோட்டின் பின் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். யாருடைய யோசனை என்று கேட்டேன். அவர் மகள் நர்ஸாம்.

என் தம்பியின் மாத்திரை

இனி எழுதப்போவது என் வீட்டுக் கதை. இதை எழுதாமல் மற்றவர்கள் வீட்டுக் கதையை மட்டும் எழுதினால் நியாயமில்லை.

என் தம்பிக்கு இருபத்து மூன்று வயதில் மனம் உடைந்தது. காலேஜ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தான். பேச்சு நின்றது, குளிப்பது நின்றது, ராத்திரி எல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்தார். இரண்டு மாதத்தில் கொஞ்சம் தெளிந்தான். அப்போதுதான் ஒரு ஊழியர் வீட்டுக்கு வந்தார். தலையில் கைவைத்து ஜெபித்தார். அது வியாதி இல்லை, பரம்பரைச் சாபம் என்றார். விசுவாசம் இருந்தால் மாத்திரையை நிறுத்துங்கள் என்றார். அம்மா நிறுத்தினாள். பிள்ளைமேல் இருந்த பாசத்தில்தான் நிறுத்தினாள். ஆறாவது வாரம் தம்பி கிணற்றில் இறங்கிவிட்டான். பக்கத்து வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் கத்தி ஆள் கூப்பிட்டதால் பிழைத்தான்.

அந்த ஊழியர் பிறகு வரவே இல்லை. வந்து மன்னிப்புக் கேட்டிருந்தால்கூட அம்மா ஏற்றுக்கொண்டிருப்பாள். வராதது அவளை உள்ளுக்குள் தின்றது. தன் விசுவாசம் குறைவு என்பதால்தான் பிள்ளை இறங்கினான் என்று அவளுக்குள் யாரோ போட்டுவிட்ட விதை, சாகும்வரை பிடுங்கப்படவில்லை.

இதே கிறிஸ்தவ விசுவாசத்திலிருந்து வேலூரில் வேறொன்று பிறந்ததையும் சொல்ல வேண்டும். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957-ல் பாகாயத்தில் தொடங்கியது. டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் என்ற கனடா நாட்டு மிஷனரி மருத்துவர் அதற்குக் காரணமானவர். மனநோயாளியைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவதே நாட்டு வழக்கமாக இருந்த காலம் அது. அங்கேயோ நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் வந்து கூடவே தங்க வேண்டும் என்று வைத்தார்கள். அங்கேயே சமைத்து, அங்கேயே தூங்கி, எப்படிப் பேச வேண்டும், எப்போது மாத்திரை கொடுக்க வேண்டும் என்று குடும்பம் கற்றுக்கொள்ள வேண்டும். ஜெபமும் உண்டு, மாத்திரையும் உண்டு, கூட இருக்க ஓர் ஆளும் உண்டு.

தம்பி இன்றைக்கு நன்றாக இருக்கிறான். மாத்திரை சாப்பிடுகிறான், ஞாயிற்றுக்கிழமை பாடற்குழுவில் பாடுகிறான். அவனுக்கு மிகவும் பிடித்தது 88-ம் சங்கீதம். புலம்பிப் புலம்பி, கடைசியில் ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் இருளிலேயே முடிகிற சங்கீதம் அது. மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் எங்காவது ஒரு வெளிச்சம் வந்துவிடும், இதில் வராது. “இதையும் வேதத்துல சேத்து வச்சிருக்காங்கல்ல. அப்போ நான் சொன்னதையும் அவர் கேட்டிருப்பார்” என்று ஒரு நாள் சொன்னான். அவன் வாயிலிருந்து நான் கேட்ட மிக நீளமான விசுவாச அறிக்கை அதுதான்.

பொறுத்துக்கொள் என்ற வசனம்

அடிக்கிற வீட்டுக்குப் பெண்ணைத் திருப்பி அனுப்ப வசனம் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். பொறுமையாயிரு, ஜெபத்திலே தரித்திரு, தேவன் இணைத்ததை மனிதன் பிரிக்காதிருக்கட்டும் என்று அடுக்குவார்கள். திருமணத்தில் ஆயர் சொன்ன அதே வார்த்தையைக் கன்னம் வீங்கி வருகிறவளிடமும் சொல்வார்கள். எனக்கு இதில் கோபம் அடங்குவதில்லை. மனைவிகளை நேசியுங்கள், அவர்கள்மேல் கசந்துகொள்ளாதேயுங்கள் என்று புருஷர்களுக்கு எழுதியிருப்பதும் அதே வேதத்தில்தான். அந்த வசனத்தை எடுத்துக்கொண்டு அடிக்கிறவன் வீட்டு வாசலுக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்?

சட்டமும் நீண்ட காலம் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தது. கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டம் 1869-ல் வெள்ளைக்காரர்கள் எழுதியது. மனைவி விபசாரம் செய்தாள் என்று நிரூபித்தால் கணவனுக்கு அது போதும். மனைவியோ, கணவனின் விபசாரத்தோடு கொடுமை அல்லது கைவிடல் போன்ற இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். அடி மட்டும் காரணம் ஆகாது. 132 வருஷம் கழித்து 2001-ல்தான் திருத்தினார்கள். இருவருக்கும் ஒரே காரணங்கள் என்றாயின, கொடுமை தனியாகவே போதும் என்றானது, இருவரும் சம்மதித்துப் பிரியவும் வழி வந்தது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-ல் வந்தது. அதன்படி அடிபட்டவள் விவாகரத்து கேட்காமலே பாதுகாப்பு உத்தரவும், அந்த வீட்டிலேயே குடியிருக்கும் உரிமையும் கேட்கலாம். 181 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம். நம் ஆலயங்களில் திருமணத்துக்கு முன் மணமக்களுக்கு ஆலோசனை வகுப்பு வைக்கிறார்கள். அந்த வகுப்பில் இந்த எண்ணையும் சொன்னால் என்ன?

முடிச்சூர் அக்காவிடம் இதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “ஒரு பிள்ளைய நானே திருப்பி அனுப்பியிருக்கேன். ஜெபிச்சுட்டுப் போன்னு சொன்னேன். மறுவாரம் கை உடஞ்சு வந்தா. அதுக்கப்புறம் யாரையும் நான் போன்னு சொன்னதில்ல. இங்க படுத்துக்கோம்பேன்.” வீட்டின் பின்னறையில் ஒரு கட்டில் எப்போதும் விரித்துத் தயாராக இருப்பதன் காரணம் அப்போதுதான் தெரிந்தது.

தண்டவாளத்திலிருந்து

தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே ஜெப விண்ணப்பம் என்றாலே நினைவுக்கு வருகிற பெயர் டி.ஜி.எஸ்.தினகரன். சுரண்டையில் 1935-ல் பிறந்தவர். 1955-ல் வேலையில்லாமல், குடும்பத்துக்கு முகம் காட்ட வெட்கப்பட்டு, ரயில் தண்டவாளத்தை நோக்கிச் சாகப் போனதாகத் தன் சாட்சியில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். வழியில் உறவினர் ஒருவர் நிறுத்தி, முகத்தைப் பார்த்து, உட்காரவைத்துப் பேசினார். தண்டவாளத்துக்குப் போகவில்லை. பிற்பாடு வங்கி வேலை, பிறகு ஊழியம், லட்சக்கணக்கான கடிதங்கள், 1983-லிருந்து ஜெபக் கோபுரம். அவருடைய கூட்டங்களின் அற்புதங்களைப் பற்றி ஏற்றுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கதையில் பெரிதாகத் தெரிவது, ரோட்டில் போன ஒரு பையனின் முகத்தைப் பார்த்து நின்ற அந்த உறவினர்தான். அவர் அன்றைக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருந்தால்?

ஊருக்கெல்லாம் ஜெபித்த அந்த மனிதர் 1986-ல் தன் மகளை விபத்தில் பறிகொடுத்தார். விசுவாசம் வைத்தால் வீட்டுக்குள் துக்கம் வராது என்று சொல்கிறவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். துக்கம் வந்தது. ஊழியத்தை விட்டுவிடாமல் தொடர்ந்தார்கள்.

மறுபடி தாம்பரத்துக்கு வருவோம். உலகக் கிறிஸ்தவ வரலாற்றில் இந்த ஊருக்கு ஒரு பெரிய இடம் உண்டு. 1938 டிசம்பரில் சர்வதேச மிஷனரி மன்றத்தின் மாநாடு நம்முடைய சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் நடந்தது. சீனாவில் நடக்க வேண்டியது, போரால் இங்கே வந்தது. கல்லூரியே அப்போதுதான், 1937-ல், பட்டணத்திலிருந்து இங்கே குடிவந்திருந்தது. உலகின் பல தேசங்களிலிருந்து வந்தவர்கள் மற்ற மதங்களுக்கு நடுவே சுவிசேஷத்தின் இடம் என்ன என்று அந்த மரங்களுக்கடியில் வாதாடினார்கள். ‘தாம்பரம் 1938’ என்று இறையியல் புத்தகங்களில் இன்றும் போடுகிறார்கள். அந்த வாதம் இன்னும் முடியவில்லை. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், சில கிலோமீட்டர் தள்ளி, முடிச்சூரின் இந்த ஹாலுக்கு ஐயங்கார் மாமி இப்போதும் வந்து நாற்காலியில் உட்காருகிறார். ஜெபிக்கும்போது கண்ணை மூட மாட்டார். மருமகள் பிரசவத்துக்காக நோட்டில் எழுதச் சொன்னார். எழுதினார்கள்.

கடந்த வெள்ளிக்கிழமை போயிருந்தேன். நான்கு வாரமாக ஒரு புதுப் பெண் வந்துகொண்டிருக்கிறாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். வாசலோரமாகவே உட்காருவாள். முழுக்கை ரவிக்கை. நான்கு வாரமும் நோட்டில் ‘குடும்ப சமாதானம்’ என்று மட்டும் எழுதினாள். அக்கா மூன்று தடவை டம்ளர் எடுக்கக் கூப்பிட்டும், “பரவாயில்லக்கா” என்று உட்கார்ந்தபடியே இருந்துவிட்டாள். நான்காவது வாரம் அக்கா கூப்பிடவே இல்லை.

ஜெபம் முடிந்தது. அக்கா வேதாகமத்தை மூடி, ரப்பர் பேண்டைப் போட்டு, முட்டியில் கைவைத்து எழுந்தார். ஹாலில் யாரோ கீர்த்தனை எடுத்தார்கள். அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து, பாய்களைத் தாண்டி, சமையலறை வாசலில் போய் நின்றாள்.

“அக்கா, டம்ளர் எங்க இருக்கு?”